வேப்பம்பட்டு மாமாவின் தனிப் பத்திரிகை

அன்பு மகனுக்கு,

நாங்கள் இங்கே சுகம். நீ அங்கே சுகமாக இல்லை என்று தெரிந்துதான் எழுத உட்கார்ந்தேன். இந்தக் கவரை யார் கையிலிருந்து வாங்கினாய், வாங்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொண்டாய் என்பதெல்லாம் ஆவடியில் உட்கார்ந்தபடியே எனக்குத் தெரியும். அதைக் கடைசியில் பேசிக்கொள்வோம். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே. பரீட்சையில்கூடக் கடைசிக் கேள்வியிலிருந்து மேலே ஏறி வந்தவன் நீ. உன் புத்தி எனக்குத் தெரியாதா.

தை மாதம் கல்யாணம். மண்டபம் பிடித்தாயிற்று, சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று, உன் அப்பா கோட்டுக்கு அளவுகூடக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் மட்டும் பேச்சுவார்த்தை இல்லை. எத்தனையோ காரணத்துக்குக் கல்யாணம் நிற்கப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். பந்தியில் அப்பளம் வரவில்லை என்று எழுந்து போயிருக்கிறார்கள். மாப்பிள்ளை காரில் பூ கட்டவில்லை என்று முறைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஒரு சாஃப்ட்வேரின் பழைய பதிப்பை விடலாமா கூடாதா என்று நிற்கிற முதல் கல்யாணம் நம் வீட்டுக் கல்யாணமாகத்தான் இருக்க வேண்டுமா?

போன வாரம் கவிதா எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாள். பேசினாள் என்ன பேசினாள், அழுதாள். "அத்தை, காலேஜ் லேப்ல எல்லாம் இன்னும் பழசுதான் இருக்கு. இவரு திடீர்னு எல்லாரையும் வெளில தள்ளிக் கதவைச் சாத்துறேங்கறாரு. நான் பழசை விடமாட்டேன்னா, அப்ப நீயே வச்சுக்கிட்டு அழுங்கறாரு" என்றாள். பக்கத்தில் நின்று அரைகுறையாகக் கேட்ட உன் அப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது. "யாருடி அந்தப் பழசு? நிச்சயம் பண்ணும்போது ஒருத்தரும் சொல்லலையே?" என்கிறார். அது ஆள் இல்லை, ஃபைல் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் காபி ஆறிவிட்டது.

மறுநாள் நீ பேசினாய். "அம்மா, புது வெர்ஷன் வந்து எவ்ளோ நாளாச்சு தெரியுமா? பழசையும் முதுகுல தூக்கிக்கிட்டே நடக்க முடியுமா? யாரோ நாலு பேர் மெஷினை மாத்தலைன்னா அது என் தலையெழுத்தா?" என்று குதித்தாய். குதித்துவிட்டுப் போ. ஆனால் போனை வைக்கும்போது ஒன்று சொன்னாயே, "இதையே புரிஞ்சுக்காதவ நாளைக்கு என்னத்தைப் புரிஞ்சுக்கப் போறா" என்று, அது எனக்குச் சுருக்கென்றது. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

நான் புரிந்துகொண்டது சரியா என்று பார். நீயும் கவிதாவும், முகம்கூடப் பார்க்காத இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு புரோகிராம் எழுதுகிறீர்கள். அதைக் கோடோடு, அதாவது உள்ளே எழுதிய நிரலோடு சேர்த்து ஊருக்கெல்லாம் சும்மா கொடுக்கிறீர்கள். அதனால்தான் நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் கண்டுபிடித்தீர்கள், அதற்கு நான் தினமும் சாமிக்கு நன்றி சொல்கிறேன், இல்லாவிட்டால் உனக்கு யார் பெண் கொடுப்பார்கள். உங்கள் புரோகிராம் தனியாக நிற்காது. வேறு யாரோ எழுதிய இன்னொன்றின் மேல்தான் நிற்கும். அந்த இன்னொன்று புதுப் பதிப்பாக வந்திருக்கிறது. இனிமேல் புதுப் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் நம்முடையது ஓடும் என்கிறாய் நீ. இரண்டிலும் ஓட வேண்டும் என்கிறாள் அவள். இவ்வளவுதானே? இந்தச் சண்டையை நான் உங்கள் இருவருக்கும் முன்னாலேயே போட்டு, அதில் ஒரு கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தவள். அப்போது நீ என் தம்பி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். பரீட்சை என்று கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. எல்லாரும் ஆளுக்கொரு விதமாக உனக்குக் கதை சொல்லியிருப்பார்கள். அதில் உன் அப்பா சொன்ன எதையும் நம்பாதே.

எனக்குப் பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி வேலை, சாயங்காலம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம். அந்த சென்டரில்தான் தமிழில் அச்சடிக்க ஒரு புரோகிராம் எழுதினேன். நோட்டீஸ், அழைப்பிதழ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதில் அடிக்கலாம். உன் அப்பா அதற்கு ஏதோ நல்ல பெயர் வைத்தார், ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் அதற்கு 'மேடம் ஃப்ளாப்பி' என்றுதான் பெயர். கேட்டவர்களுக்கெல்லாம் சும்மாதான் கொடுத்தேன், கோடையும் சேர்த்து. தர்மசிந்தனை என்று நினைத்துவிடாதே. ஆளாளுக்குக் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்று, "மேடம், ஒத்தைக்கொம்பு விழ மாட்டேங்குது" என்று என் உயிரை வாங்கினார்கள். கோடையே கையில் கொடுத்துவிட்டால் அவர்களே திருத்திக்கொண்டு தொலைவார்கள் என்றுதான் கொடுத்தேன்.

திருத்தவும் செய்தார்கள். வேப்பம்பட்டில் ஒருவர் திருத்திய ஃப்ளாப்பி காலை லோக்கலில் ஏறி ஆவடியில் ஒருவர் கைக்கு மாறும், மாலையில் அம்பத்தூரில் என் மேஜைக்கு வரும். நல்ல திருத்தமும் வரும், விஷமமும் வரும். பிரிண்டரில் தாள் தீர்ந்தால் 'தாள் வைக்கவும்' என்று நான் மரியாதையாக எழுதியிருந்ததை, ஆவடியில் ஒரு காலேஜ் பையன் 'பேப்பரை இன்னா, உங்க நைனாவா வப்பாரு?' என்று மாற்றிவிட்டான். அது யாருக்கும் தெரியாமல் கைமாறிக் கைமாறி, கும்பாபிஷேக நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்த ஒரு கோயில் கமிட்டித் தலைவர் முன்னால் போய் நின்றது. அவருடைய நைனா காலமாகி வெகுகாலம் ஆகியிருந்தது. மனிதர் நேரே நம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

என் புரோகிராமும் தனியாக நிற்காது. எழுத்துகளை வரைந்து பக்கமாக அடுக்கிக் கொடுக்கிற வேலையை சுந்தரேசன் எழுதிய இன்னொரு புரோகிராம்தான் செய்யும். சுந்தரேசன் எஸ்டேட்டில் வேறொரு கம்பெனியில் இருந்தவர், சாதுவான மனிதர், ஆனால் எழுதியதைத் திரும்ப எழுதாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அவர் இரண்டாம் பதிப்பு ஒன்று கொண்டுவந்தார். எழுத்து அழகாக விழுந்தது, பக்கம் எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் போயிற்று. ஒரே குறை, ஆள் தடியன். ஹார்ட் டிஸ்க் இல்லாத மெஷினில் அடங்கமாட்டான். பூந்தமல்லியில் பிரஸ் வைத்திருந்த ரஹீம் பாயின் மெஷினில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. "மேடம், நம்ம பொட்டி பழைய பொட்டி. உன் புதுசு உள்ள பூவாது. ஆனா ஒண்ணு, என்னை உட்டுட்டு மட்டும் பூடாத" என்றார். அவர் அப்படிச் சொன்னால் எப்படி விட்டுவிட்டுப் போவது? என் ஃப்ளாப்பியை முதன்முதலில் கடையில் வைத்து நாலு பேருக்குக் காட்டியவரே அவர்தான்.

ஆகவே கவிதா சொல்வதைத்தான் நானும் செய்தேன். பழசிலும் ஓடும், புதுசிலும் ஓடும் என்று ஆக்கினேன். கோடைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம், பழசாக இருந்தால் இந்தப் பக்கம் போ, புதுசாக இருந்தால் அந்தப் பக்கம் போ என்று ஒரே வழிகாட்டல். எனக்கே வழி தெரியாத அளவுக்கு வழிகாட்டல். சென்டரில் இருந்ததெல்லாம் புதுசுதான், நான் ஓட்டிப் பார்த்ததும் புதுசில்தான். பழசிலும் ஓடும் என்பதை ஃப்ளாப்பி மேல் எழுதி ஒட்டியதோடு சரி. எழுதி ஒட்டினால் ஓடிவிடும் என்று அந்தக் காலத்தில் எல்லாரும் நம்பினோம்.

அப்போதுதான் உன் விஜயா அத்தைக்குக் கல்யாணம் கூடிவந்தது. உன் அப்பாவுக்கு ஒரே தங்கச்சி மாதிரி செல்லம், இருந்த தங்கச்சிகளிலேயே கடைசி. பத்திரிகை கம்ப்யூட்டரில்தான் என்று உன் அப்பா குவார்ட்டர்ஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு வந்தார். நான் சென்டரில் உட்கார்ந்து அடித்தேன். மேலே உன் அப்பா பெயர், கீழே உறவுகள், எல்லாவற்றுக்கும் அடியில் தனியாகப் பெரிய எழுத்தில் தாய்மாமன் பெயர். தாய்மாமன் என்றால் யார் தெரியும் அல்லவா, நாம் எல்லாரும் வேப்பம்பட்டு மாமா என்று கூப்பிடுகிறோமே, உன் அப்பாவைப் பெற்ற அம்மாவின் தம்பி, அவர்தான். பிரிண்ட் எடுத்து உன் அப்பா கண்ணாடி போட்டுப் பார்த்தார், நானும் பார்த்தேன், எல்லாம் சரி. ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு அவர் பூந்தமல்லி பஸ் ஏறினார்.

பாய் தன் மெஷினில், தன்னுடைய பழசில், அதை ஓட்டினார். பழசுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு பக்கத்துக்கு இத்தனை வரி என்று அதற்கு ஒரு கணக்கு. அதற்கு மேல் போனால் மிச்ச வரியைச் சத்தமில்லாமல் முழுங்கிவிடும். முழுங்கிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லாது. என் கோடும் அதைக் கேட்டு வைக்கவில்லை. அடியில் இருந்த வரி போயிற்று. யார் பெயர் இருந்த வரி என்று சொல்ல வேண்டுமா? பத்திரிகை கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. மஞ்சள் தடவினோம், சாமி படத்தடியில் வைத்தோம். முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தானே வைக்க வேண்டும், தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து எடுத்துக்கொண்டு நானும் உன் அப்பாவும் வேப்பம்பட்டு போனோம்.

மாமா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, மேலிருந்து கீழே படித்தார். கீழிருந்து மேலே படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். "இன்னாமா இது? ஊர்ல கீற அத்தினி பேரு பேரும் கீது. எம் பேரு எங்க கீது?" என்றார். உன் அப்பா வாங்கிப் பார்த்து வியர்த்துவிட்டார். "சென்டர்ல பார்க்கும்போது இருந்துச்சு மாமா" என்றேன் நான். சத்தியமான உண்மை. "சென்டர்ல இருந்துச்சுன்னா, கல்யாணத்தை சென்டர்லயே வச்சிக்கோ" என்று தட்டைத் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டார். இன்றைக்கும் சொல்கிறேன், தப்பு என் மேல் இல்லை. பழசுதான் முழுங்கியது. என் மெஷினில் சரியாகத்தான் இருந்தது. நீகூட இதை அடிக்கடி சொல்வாயாமே, கவிதா சொன்னாள்.

இது சின்ன விஷயம் இல்லை. தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்து வந்தால்தான் நம் வீட்டுப் பெண் மணையில் உட்காருவாள். விஜயா அந்தச் செய்தியைக் கேட்டதிலிருந்து சாப்பிடவில்லை. உன் அப்பாதான் ஒரு யோசனை சொன்னார். அவர் யோசனைதான், இப்போது இல்லை என்பார், நம்பாதே. "கம்ப்யூட்டர்தானே? மாமாவுக்கு மட்டும் தனியா ஒண்ணு அடி. அவரு பேரை எல்லாத்துக்கும் மேல போடு. என் பேரை அடில தள்ளு. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். எனக்கும் அது பெரிய புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. அன்றைக்கே அடித்து, மறுபடி தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனோம். மாமா தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். "இது பத்திரிகை" என்றார். கோபம் போன இடம் தெரியவில்லை.

சந்தோஷத்தில் மனிதர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லோக்கலில் பார்த்தவர்களிடமெல்லாம் நீட்டியிருக்கிறார். அதே ரயிலில் கோவில்பதாகையில் இருக்கிற சித்தப்பா வந்திருக்கிறார், அதுதான் உன் அப்பாவின் சித்தப்பா. மறுநாளே வீட்டு வாசலில். "ஏம்மா, அண்ணன் செத்தப்புறம் இந்தக் குடும்பத்துக்குப் பெரியவன் நானா அவனா?" என்றார். அவருக்கு ஒன்று அடித்தேன், அவர் பெயர் மேலே. அது முத்தாபுதுப்பேட்டைக்கு எட்டியது. அங்கே இருக்கிற மூத்த மாப்பிள்ளை, உன் பெரிய அத்தை வீட்டுக்காரர், நேரில் வரவில்லை. இனி இந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று ஆள் சொல்லி அனுப்பினார். அவருக்கும் ஒன்று. ஒவ்வொருவரும் தன்னுடையது மட்டும்தான் தனி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் எதை எந்த நகலிலிருந்து எடுத்தேன் என்பது எனக்கே குழம்பிவிட்டது. பொதுப் பத்திரிகையை, சென்டர் மெஷினில் எடுத்த பக்கத்தை வைத்து, பாய் தன் செலவில் புதுத் தாள் போட்டுத் திரும்ப அடித்துக்கொடுத்தார். அந்த இடைவெளியில் மாப்பிள்ளை வீட்டு ஜோசியர் ஒன்பது மணிக்கு மேல் என்று இருந்த முகூர்த்தத்தை ஏழரை மணிக்கு மேல் ஒன்பதுக்குள் என்று முன்னால் தள்ளினார். நானும் பொதுப் பத்திரிகையில் திருத்தினேன். அதற்கப்புறம் அடித்த தனிப் பத்திரிகைகளிலும் அது சரியாக இருந்தது.

கல்யாணத்தன்று காலை. ஆவடி மண்டபம். நாதஸ்வரம் முழங்குகிறது, ஐயர் ஹோமத்தில் நெய்யை ஊற்றிக்கொண்டே கடிகாரத்தைப் பார்க்கிறார், மாப்பிள்ளை வந்து உட்கார்ந்துவிட்டார், வேப்பம்பட்டு மாமாவை மட்டும் காணோம். முதலில் வருவார் வருவார் என்றார்கள். அப்புறம் வரமாட்டார் என்றார்கள். மனசில் வஞ்சம் வைத்திருந்து சமயம் பார்த்துக் கழுத்தை அறுத்துவிட்டார் என்று ஒருவர் ஆரம்பிக்க, எங்கள் பக்கத்து ஆட்கள் மாமாவின் மூன்று தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டினார்கள். நானும் என் பங்குக்குத் திட்டினேன். விஜயா உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு, "மாமா வராம நான் மணைல உக்கார மாட்டேன்" என்று ஒரே அழுகை. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்று பேக்கை எடுத்துத் தோளில் மாட்டினாள். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கை என் ஃப்ளாப்பியால் நின்றுபோகப் போகிறது என்று அந்த நிமிஷம் நிஜமாகவே நினைத்தேன்.

அப்போது கோவில்பதாகை சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். "அவன் வரலைன்னா இன்னா? பத்திரிகைல மொதப் பேரு என் பேரு. நான் போடறேன் மாலையை" என்று பையிலிருந்து எடுத்து நீட்டினார். "மொதப் பேரு உங்களுதா? நல்லாப் பாருங்க" என்று முத்தாபுதுப்பேட்டை மாப்பிள்ளை தன்னுடையதை எடுத்தார். இரண்டு பத்திரிகையும் பக்கத்தில் பக்கத்தில். மண்டபமே எழுந்து வந்து எட்டிப் பார்த்தது. உன் அப்பா சமையல்கட்டுப் பக்கம் நழுவிவிட்டார், அதை அவர் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார். இரண்டு பேரும் என் முகத்துக்கு நேரே பத்திரிகையை ஆட்டி ஆட்டிக் கேட்கும்போதுதான், அதில் ஏழரை மணி என்று இருந்தது என் கண்ணில் பட்டது. மாமாவுடையது இதற்கெல்லாம் முன்னால் அடித்தது. அதில் ஒன்பது மணிக்கு மேல். நேரம் மாறியதை மாமாவிடம் உன் அப்பா சொல்லியிருப்பார் என்று நானும், நான் சொல்லியிருப்பேன் என்று அவரும் இருந்துவிட்டோம். மாமா கோபத்தில் இல்லை. வீட்டில் இருக்கிறார்!

கல்யாணத்துக்கு வந்திருந்த ரஹீம் பாயிடம் ஓடினேன். முழுசாகக்கூடக் கேட்கவில்லை, "நீ அழுவாத மேடம். நான் போயி இட்டுகினு வந்துர்றேன்" என்று ஸ்கூட்டரை உதைத்தார். அவர் திரும்பி வந்த வேகத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். பின்னால் மாமா, கழுத்தில் துண்டு, மடியில் மாலை, முகத்தில் ஒரு பக்கம் மழுமழுவென்று சவரம், மறுபக்கம் காய்ந்துபோன சோப்பு நுரை. கண்ணாடி முன்னால் நின்று பாட்டு முனகிக்கொண்டே சவரம் செய்துகொண்டிருந்தவரை பாய் அப்படியே அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். மாமா மண்டப வாசலில் இறங்கியதும் ஐயரிடமே சண்டைக்குப் போனார். "இன்னா அவசரம் உங்களுக்கு? ஒம்போதுக்கு மேலன்னு நீங்கதானே போட்டுக் குடுத்தீங்க? மேல எம் பேரு கீது, கீழ டைமு கீது. நான் இன்னா பொய்யா சொல்றேன்?" என்று தன் தனிப் பத்திரிகையை ஆட்டினார். "மாமா, அப்புறம் பேசலாம் மாமா" என்று விஜயா அழுகையும் சிரிப்புமாகக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். ஒன்பதுக்குள் தாலி ஏறிவிட்டது. ஆல்பத்தில் மாமா எல்லாப் படத்திலும் ஏன் ஒரு பக்கமாகவே திரும்பி நிற்கிறார் என்று சின்ன வயதிலிருந்து கேட்பாயே, இதனால்தான்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன், கோபப்படாமல் படி. அன்றைக்கு நாங்கள் அத்தனை பேரும் வாய்க்கு வந்தபடி திட்டிய மனிதர், எங்கள் காகிதத்தை நம்பி நிம்மதியாகச் சவரம் செய்துகொண்டிருந்தார். பழசில் இருக்கிறவர்களை நீ பிடிவாதக்காரர்கள், சோம்பேறிகள் என்பதுபோலப் பேசினாய். அவர்களுக்குக் கடைசியாக என்ன காகிதம் கொடுத்தாய் என்று முதலில் பார். பழசிலும் ஓடும் என்று நீதானே எழுதி ஒட்டினாய்? மாற்றப்போகிறாய் என்றால் போய்ச் சொல். ஒருமுறை சொன்னால் காதில் விழாது, அப்பாவும் நானும் ஒருவர் சொல்லியிருப்பார் என்று இன்னொருவர் இருந்த மாதிரி ஆகிவிடும். இரண்டு பதிப்புக்கு முன்னாலிருந்தே சொல்லிக்கொண்டிரு.

கவிதாவுக்கும் இதே கதையில் பங்கு இருக்கிறது. நல்ல மனசோடு ஆளுக்கொரு பத்திரிகை அடித்தவள் நான். ஒருவர் மனசும் நோகக்கூடாது என்று எல்லாருக்கும் தனித்தனியாக வைத்துக்கொண்டிருந்தால், ஒன்றில் திருத்தியது இன்னொன்றில் விட்டுப்போகும். விட்டுப்போனது யாருக்கு என்று பார்த்தால், நாம் யாருக்காக அத்தனையும் செய்தோமோ அவருக்குத்தான். பழசிலும் ஓடும் என்று அவள் சொல்கிறாளே, உங்களில் யாராவது பழசு இருக்கிற மெஷினில் உட்கார்ந்து கடைசியாக எப்போது ஓட்டிப் பார்த்தீர்கள் என்று கேள். ஓட்டிப் பார்க்காமல் ஓடும் என்று சொல்வது உதவி இல்லை. ஓடாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் பாய் அன்றைக்கே பழைய முறைப்படி எழுத்துக் கோத்து, கம்போஸ் பண்ணி அடித்திருப்பார்.

கல்யாணம் முடிந்து நான் என்ன செய்தேன் என்பதும் தெரிந்துகொள். பூந்தமல்லி போய் பாய் கடையில் உட்கார்ந்தேன். அடுத்த ஃப்ளாப்பியிலிருந்து சுந்தரேசனின் இரண்டாம் பதிப்பு இல்லாமல் ஓடாது என்று சொன்னேன். பாய், "அப்ப என்னை உட்டுட்டுப் போற" என்றார். இல்லை பாய், உங்களிடம் இருக்கிறதை யாரும் பிடுங்க மாட்டார்கள், கோடு உங்களிடமே இருக்கிறது, கையளவு நோட்டீசுக்கு அது போதும் என்றேன். அங்கேயே உட்கார்ந்து அந்தப் பழசில் ஒரே ஒரு திருத்தம் மட்டும் செய்தேன். வரி அதிகமானால் முழுங்காமல், இதற்கு மேல் என்னால் முடியாது என்று நின்று சொல்லும்படி. நீளமான பத்திரிகை வந்தால் அவர் அம்பத்தூர் வந்து சென்டரில் அடித்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. கொஞ்ச காலம் முனகிக்கொண்டே பஸ்ஸில் வந்தார். அப்புறம் ஹார்ட் டிஸ்க்கோடு புதுப் பெட்டி வாங்கி, இரண்டாம் பதிப்பை ஓட்டிப் பார்த்துவிட்டு, நேரே என்னிடம் சண்டைக்கு வந்தார். "இன்னா மேடம், இம்மா நல்லா கீது? இத்தினி நாளு என்னை ஏன் பழசுலயே உட்டு வச்சிருந்த?" என்றார். மனிதர்களை என்ன செய்வது, சொல்.

ஆக, என் தீர்ப்பு கேட்டால், புதுசுக்குப் போ. ஆனால் அது புதுசு என்பதற்காகப் போகாதே; சுந்தரேசன் திரும்பத் திரும்ப எழுதுவார், அவர் பின்னால் ஓட முடியுமா? பழசால் யாருடைய பெயராவது விழுங்கப்படுகிறது என்றால் போ. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போ. கவிதா அந்தக் காலேஜ் பிள்ளைகளுக்காகப் பழசை வைத்துக்கொள்ள விரும்பினால், அவளே வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும், 'அழு' என்று சொல்லாமல் உதவி செய். ஆபத்தான இடத்தில் நின்று சத்தம் போடுகிற அந்த ஒரு திருத்தத்தை மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து போடுங்கள். இவ்வளவுக்கும் மேல், பெண்டாட்டி ஆகப்போகிறவள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவில்லை என்பதற்காக அவளுக்கு எதுவுமே புரியாது என்று சொல்கிற வாயை அடக்கு. உன் அப்பாவுக்கு இன்றுவரை ஃபைல் என்றால் என்னவென்று தெரியாது. நான் குடும்பம் நடத்தவில்லையா?

உங்கள் கல்யாணப் பத்திரிகை எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றே ஒன்று. எல்லாருக்கும் அதேதான். மாமா போன வாரமே வந்து, "எம் பேரு எங்க கீது?" என்று பார்த்துவிட்டு, அடியில் இருந்தாலும் பரவாயில்லை, நேரம் சரியா என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனார். முன்னாடியே சவரம் பண்ணிக்கொண்டு வருவாராம்.

இப்போது கடைசி விஷயம். இந்தக் கடிதத்துக்கும் ஒரே பிரதிதான். உனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று நான் எழுதவில்லை; அந்தப் பாடத்தை நான் ஒருமுறை படித்தாயிற்று. வெளிக்கவரில் கவிதாவின் ஹாஸ்டல் விலாசம். உள்கவரில் உன் பெயர், அதை நான் ஒட்டவே இல்லை. உன்னிடம் போனில், உனக்கு ஒரு கடிதம் அவளிடம் இருக்கிறது, போய் வாங்கிக்கொள் என்று மட்டும்தான் சொல்வேன். அதனால் நீ இந்த வரியைப் படிக்கிறாய் என்றால், ஹாஸ்டல் வாசலில் போய் நின்று, அவளைக் கூப்பிட்டு, அவளோடு பேசிவிட்டாய் என்று அர்த்தம். அவள் அநேகமாக இப்போதும் உன் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கொஞ்சம் நகர்ந்து உட்கார். அவளும் படிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா